பந்து விளையாடச் சேர்ந்தால் சட்டவிரோதக் கூட்டமா?

கேள்வி: எனக்கு 24 வயது. வியாசர்பாடியில் சாயங்காலம் 12 முதல் 17 வயதுவரை உள்ள பதினெட்டுப் பையன்களுக்குக் காசு வாங்காமல் ஃபுட்பால் சொல்லித் தருகிறேன். ‘ரவுடிக்கு ஆள் சேர்க்கிறான், கஞ்சா பழக்குறான்’ என்று தெருப் பெரியவர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். போலீசிலும் எழுதிக் கொடுத்தார். போலீஸ் வந்து பையன்களை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தது. 14 வயதுப் பையன்கள் இருவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ராத்திரி பத்து மணிக்கு விட்டார்கள். வெற்றுத்தாளில் என் கையெழுத்தைக் கேட்டார்கள், போடவில்லை. ‘அஞ்சு பேர் கூடினா கேஸ்’ என்கிறார்கள். உண்மையா?

பதில்: கையெழுத்துப் போடாதது நல்லதாகப் போயிற்று தம்பி.

அந்த ‘அஞ்சு பேர்’ கதை பாதிதான் உண்மை. இப்போதைய குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 189-வது பிரிவு (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 141) ஐந்து பேரோடு நிற்பதில்லை. குற்றம் செய்வது, பலத்தைக் காட்டி மிரட்டுவது போன்ற பொது நோக்கமும் வேண்டும். பந்து உதைப்பது அதில் வராது. அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 19-வது பிரிவு தந்த உரிமை. தடையுத்தரவு இருந்தால் கதை வேறு. அப்படி இருந்தால் அது எழுத்தில் இருக்கும், காட்டச் சொல்லுங்கள். பூட்டிய மைதானத்துக்குள் சுவரேறிக் குதித்து ஆடினால் மட்டும் நான் காப்பாற்ற முடியாது. மாநகராட்சி மைதானம் என்றால் மண்டல அலுவலகத்தில் இன்றே அனுமதிக்கு எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள்.

பையன்களை அழைத்துப் போனதுதான் எனக்கு உறுத்துகிறது. சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் 15 வயதுக்கு உட்பட்ட பையனை, அவனாக ஸ்டேஷனுக்கு வர விரும்பினால் ஒழிய, வீட்டில்தான் விசாரிக்கலாம். குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. குற்றம் செய்தான் என்று பிடித்திருந்தாலோ, 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி சிறார் நல போலீஸ் அதிகாரியிடம் ஒப்படைத்து, 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதி வாரியத்தின் முன் நிறுத்த வேண்டும்; லாக்கப்பில் வைக்கவே கூடாது. ‘சும்மா விசாரிச்சோம்’ என்று மூன்றாவது வழி கிடையாது. இதை அந்தப் பையன்களின் அப்பா அம்மா எழுதி, கமிஷனர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பட்டும். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் போகலாம். நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். பிள்ளைகளுக்கு இலவச வக்கீல் கேட்க வருமானச் சான்று தேவையில்லை, சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.

பெரியவர் மேல் அவதூறு வழக்கா? நல்லெண்ணத்தோடு போலீசிடம் தந்த புகாருக்குச் சட்டம் விலக்குத் தருகிறது. வாட்ஸ்அப்பில் நூறு பேருக்குப் பரப்பியதற்கு அந்த விலக்கு இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் வழக்குப் போடலாம். ஆனாலும் நான் உங்கள் வக்கீலாக இருந்தால் முதலில் போட மாட்டேன். கோர்ட்டுக்கு நடக்கும் நாளில் பயிற்சி நின்றுவிடும்; அந்தப் பெரியவர் கேட்டதும் அதுதானே. ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரமாக வையுங்கள்.

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. ‘என் பிள்ளையை யாரிடம் விடுகிறேன்’ என்று கேட்க எந்தப் பெற்றோருக்கும் உரிமை உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் சம்மதக் கடிதம் வாங்குங்கள். வருகை நோட்டுப் போடுங்கள். எந்தப் பையனையும் தனியாக எங்கும் கூட்டிப்போகாதீர்கள். தினம் ஒரு அம்மாவோ அப்பாவோ ஓரமாக உட்காரட்டும். முடிந்தால் ஏழு பேர் சேர்ந்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மன்றமாகப் பதியலாம். பதினெட்டு வயது நிரம்பியவர்களாகப் பாருங்கள். அடுத்த முறை ஜீப் வந்தால் அந்த நோட்டையும் கடிதங்களையும் நீட்டுங்கள். வந்த அதிகாரியின் பெயரையும் நேரத்தையும் அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.