ஹெட்போன் செருகியும் ஸ்பீக்கரில் சத்தம்: போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: காரைக்குடியில் எம்.எஸ்சி. படிக்கிறேன், வீடு கானாடுகாத்தானில். மூன்று வாரத்துக்கு முன் ஒரு கடையில் பழைய லேப்டாப் வாங்கினேன். விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். ஹெட்போன் செருகினாலும் சத்தம் ஸ்பீக்கரில்தான் வருகிறது. வளவில் அப்பத்தா படுத்திருக்கும்போது பாடம் கேட்க முடியவில்லை. கடையில் கேட்டால், "போர்டு போயிருக்கும், 4,500 ரூபாய் ஆகும். இல்லாட்டி விண்டோஸ் போட்டுக்கங்க" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: பணம் கொடுக்க அவசரப்படாதீர்கள். இந்தக் கோளாறில் போர்டைச் சந்தேகிப்பது கடைசியாகத்தான். அதற்கு முன் வீட்டிலேயே பார்த்துவிடக்கூடிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

ஹெட்போன் செருகும் துளைக்குள் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். பின் உள்ளே போனதும் அது நகரும். சவுண்ட் சிப் அதை உணர்ந்து லினக்ஸுக்குச் சொல்லும், லினக்ஸ் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஹெட்போனுக்கு மாற்றும். இந்தச் சங்கிலியில் எங்கே அறுந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் வேறொரு ஹெட்போனைச் செருகிப் பாருங்கள், அடிவரை போகிறதா என்றும் கவனியுங்கள். துளையில் தூசி இருந்தால் மெல்லிய பிரஷ் போதும், ஊக்கையோ குண்டூசியையோ விட்டு நோண்ட வேண்டாம். அதே லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தால், அதன் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணைத்து, முழுதாக ஷட்டவுன் செய்து, அப்புறம் உபுண்டுவுக்குள் போங்கள். விண்டோஸ் பாதி உறக்கத்தில் விட்டுப்போன சவுண்ட் சிப் லினக்ஸில் மக்கர் பண்ணுவது உண்டு.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. உபுண்டுவின் ஆப் சென்டரில் 'பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல்' என்று தேடி நிறுவுங்கள். அதில் 'அவுட்புட் டிவைசஸ்' பக்கத்தில் 'போர்ட்' என்று ஒரு பட்டியல் இருக்கும். ஹெட்போன் செருகாதபோது 'ஹெட்போன்ஸ்' என்பதன் பக்கத்தில் 'அன்பிளக்டு' என்று நிற்கும். செருகியதும் அது 'பிளக்டு இன்' என்று மாற வேண்டும். மாறினால் செருகியதை உணரும் தகடு நலம், கோளாறு பெரும்பாலும் செட்டிங்கில்தான். மாறாவிட்டாலும் அந்தப் பட்டியலில் நீங்களே 'ஹெட்போன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஹெட்போனில் பாட்டு கேட்டால் ஒலி போகும் வழி சரியாக இருக்கிறது, செருகியதை உணர்வது மட்டும்தான் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இந்த இரண்டில் எதுவானாலும் முழு போர்டை மாற்ற வேண்டிய வேலை அல்ல.

செட்டிங்தான் என்றால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னலான டெர்மினலில் 'அல்சாமிக்ஸர்' (alsamixer) என்று தட்டித் திறந்து, எஃப்6 அழுத்தி உங்கள் சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். ஹெச்.டி.எம்.ஐ. என்று இருப்பது அது அல்ல. 'ஹெட்போன்' தூணின் அடியில் 'எம்எம்' என்று இருந்தால் ஊமையாக்கி வைத்திருக்கிறது. எம் விசையைத் தட்டினால் 'ஓஓ' ஆகும். வலப்பக்கம் நகர்ந்தால் 'ஆட்டோ மியூட் மோட்' சில லேப்டாப்களில் தெரியும், அது 'எனேபிள்டு' ஆக இருக்க வேண்டும்.

இதிலும் தீராவிட்டால் கடைசியாக வந்த உபுண்டுவைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே 'டிரை உபுண்டு' கொடுத்து ஓட்டிப் பாருங்கள். சில லேப்டாப்களில் எந்தத் துளை எதற்கு என்று பயாஸ் (லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) தவறாகச் சொல்லும். விண்டோஸுக்குக் கம்பெனி தரும் டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) அதைச் சரிக்கட்டிவிடும். லினக்ஸிலோ அந்தந்த மாடலுக்கான திருத்தம் அதன் மையப் பகுதியான கெர்னலுக்குள் வந்து சேர வேண்டும். பழைய கெர்னலில் கேட்காத ஹெட்போன் புதியதில் கேட்டால் இதுதான் காரணம், அப்டேட் செய்தால் முடிந்தது.

எதிலும் கேட்கவில்லை என்றால்தான் துளையைச் சந்தேகிக்கலாம். அப்போதும் கடைக்காரரிடம், "எந்த போர்டு?" என்று கேளுங்கள். பல மாடல்களில் இந்தத் துளை தனியான சின்ன போர்டில் இருக்கும், அதை மட்டும் மாற்றலாம்.

இனி உங்கள் உரிமைக்கு வருவோம். உபுண்டு போட்டு விற்றவர் அவர்தான். அதில் ஹெட்போன் வேலை செய்கிறதா என்று பார்த்துக் கொடுப்பதும் அவர் பொறுப்புதான், 'விண்டோஸ் போட்டுக்கங்க' என்று தட்டிக்கழிக்கக் கூடாது. பழைய பொருள் என்பதாலேயே உங்கள் உரிமை போய்விடாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படித்தான். உங்களுக்கு மூன்று வாரம் ஓடிவிட்டது. அதனால் இன்றைக்கே குறையை எழுதி, வாட்ஸ்அப்பிலாவது கடைக்கு அனுப்பிவிடுங்கள். 4,500 ரூபாய் எதற்கு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கும் மேலே போக வேண்டுமானால் சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

அதுவரை பாடம் நிற்க வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு கிடைக்கிறது. பொதுவாக டிரைவர் எதுவும் போடாமலே லினக்ஸ் அதை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: தேவகோட்டையில் இருந்து எழுதுகிறேன். மகனுக்கு லினக்ஸ் ஓட்ட லேப்டாப் வாங்கப் போகிறோம். கடையில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: உபுண்டு ஏற்றிய பென்டிரைவும் உங்கள் ஹெட்போனும் கையில் இருக்கட்டும். பணம் கொடுக்கும் முன் அதில் ஓட்டி, ஹெட்போனைச் செருகி எடுத்து, மைக், வைஃபை, கேமரா பாருங்கள். லேப்டாப்பை மூடித் திறந்த பிறகும் ஒருமுறை ஹெட்போனைச் செருகுங்கள், சில லேப்டாப்களில் அப்போதுதான் குட்டு வெளிப்படும். பார்க்க விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.