அப்பாவின் மைனர்: எஞ்சின் பிறகு, பிரேக் முதலில்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவின் 1959 மொறிஸ் மைனர் ஒன்பது வருடமாக கராஜில் நிற்கிறது. எஞ்சின் அசையவில்லை. பிரேக் மிதித்தால் பெடல் அடிவரை போகிறது. முன் சக்கரத்தில் ஆட்டமும் உண்டு. தெரிந்தவர் ஒருவர் பழைய எஞ்சினை எடுத்துக்கொண்டு ஜப்பான் எஞ்சின் பூட்டித் தருவதாகச் சொல்கிறார். வீட்டிலேயே நானே திருத்தலாமா?"

திருத்தலாம். முதலில் அந்தத் தெரிந்தவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல் மீண்டும் தொடங்கும்வரையான காலத்தில், பழைய கார் என்றாலே மோப்பம் பிடித்து வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். உங்கள் 948 சீசீ எஞ்சினை அவர் குப்பையில் போடப்போவதில்லை, இன்னொரு மைனர்காரருக்கு விற்பார். உங்களுக்கு மிஞ்சுவது பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகாத எஞ்சின் இலக்கமும், அதைத் திருத்த மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நடக்கிற நடையும்தான். போதாததற்கு அந்தக் காரின் பிரேக் ஏழு அங்குல டிரம். பெரிய எஞ்சினின் வேகத்தை அது எப்படித் தாங்கும்?

எஞ்சின் இறுகியிருந்தால் நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு மேசைக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மூன்று நாள் பொறுங்கள். பிறகு முன்னால் ஹாண்டிலைப் போட்டு கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். சுற்றினாலும் பிரேக் சரியாகும்வரை ஸ்டாட் பண்ண வேண்டாம். ஓடத் தொடங்கினால் உங்கள் கை சும்மா இராது, ஒழுங்கைக்குள் ஒரு சுற்று என்று காலி வீதிவரை போய்விடுவீர்கள்.

அப்புறம் பிரேக். பெடல் அடிவரை போவதற்கு பிரேக் சிலிண்டர்களுக்குள் இருக்கிற றபர் செத்ததுதான் பெரும்பாலும் காரணம். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கொழும்புக் கடற்காற்றில் ஒன்பது வருடம் என்றால் அது பிளேன்ரீ நிறத்தில் வரும், சிலிண்டரும் உள்ளே துருப்பிடித்திருக்கும். பிரேக் சூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று மொத்தம் ஆறு. உள்சுவரில் விரல்நகத்தால் தடவுங்கள். நகம் பள்ளத்தில் மாட்டினால் றபர் கிட் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். டிரம்மில் இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய பிரேக் சூவில் கல்நார் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கப்போனால் சீல் உடைக்காத டின்னில் டொட் 4 பிரேக் ஒயில் மட்டும் வாங்குங்கள். சோடாப் போத்தலில் அளந்து தருவதை வாங்கவே வேண்டாம். அதில் எஞ்சின் ஒயில் கொஞ்சம் கலந்திருந்தாலும் புது றபர் முழுக்க ஊதிவிடும். நான் ஒருமுறை பார்த்த றபர் வளையம் பிஞ்சுக் கத்தரிக்காய் மாதிரி உப்பியிருந்தது. கேட்டால் "எல்லாம் ஒரே ஒயில்தான் பாஸ்" என்பார்கள்.

தனியாகச் செய்யக் கூடாத வேலை ஒன்று உண்டு. பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், செஸிக்குள் இருக்கிறது. அதன் போல்ட்டை இழுத்தால் பக்கத்திலுள்ள டோர்ஷன் பார் மறிக்கும். அது முறுக்கேறி நிற்கும் இரும்புத் தண்டு, காரின் முன்பாரத்தைத் தாங்குவது அதுதான். பொறுமையிழந்து அதைக் கழற்றப்போனால் கை போகும். மைனர் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்த ஒரு வேலையை மட்டும் கொடுங்கள். திரும்பப் பூட்டும்போது போல்ட்டை மறுபக்கமாகப் போடச் சொல்லுங்கள். அடுத்த முறை தண்டைத் தொடாமலே சிலிண்டர் வெளியே வரும்.

அவர் நிற்கும்போதே முன் சக்கரத்தின் கீழ் ட்ரனியனையும், அதாவது சக்கரத்தோடு திரும்பும் தண்டு புரியில் பூட்டப்படும் மூட்டையும், பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் பெரும்பாலும் அதில்தான். புரி தேய்ந்து கழன்றால் சக்கரம் மடிந்து காரின் கீழே போகும். இடதுக்கும் வலதுக்கும் புரி எதிரெதிர். "இரண்டும் ஒன்றுதான்" என்று ஒரே சாமானை இரண்டாகக் கட்டித் தருவார்கள், பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவையும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். தனியார் காருக்கு வருடாவருடம் புகையை அளக்கிறார்கள். பிரேக்கை மிதித்துப் பார்க்க ஒருவரும் இல்லை.

கடைசியாக, சூவை இறுக்கிச் சரிபார்த்துவிட்டு, ஒருவர் பெடலை மிதிக்க, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின் சக்கரத்திலிருந்து தொடங்கி, பிரேக் குழாயில் தங்கிய காற்றை எடுங்கள். பிரேக் ஒயில் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் அப்பாவின் பச்சை நிறம் துணியோடு வந்துவிடும்.