மேம்பாலத்தின் கீழ் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: கோயம்பேடு மேம்பாலத்தின் கீழ் அண்ணன் தம்பி இருவர் இரவில் படுத்திருக்கிறார்கள். மூத்தவனுக்குப் பத்தொன்பது வயது, இளையவனுக்குப் பதினாறு. காவல் துறையிடம் சொன்னால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று அஞ்சுகிறேன். யாரிடம் சொல்வது?
– வாசகி, அரும்பாக்கம்

பதில்: இளையவனுக்காக இன்றே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். பெற்றோர் துணையின்றி இருக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அவனைக் குற்றவாளியாக நடத்த இச்சட்டத்தில் இடமில்லை. குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தி, அவன் சொல்வதையும் கேட்ட பிறகே எங்கே தங்க வைப்பது என்று முடிவு செய்வார்கள். அண்ணன் இருப்பதைக் குழுவிடம் தவறாமல் சொல்லுங்கள்.

தயங்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து பதினெட்டு வயதில் வெளியேறுபவருக்கு, படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் தங்குவதற்கும் 21 வயது வரை பிற்காப்பு உதவி பெற வழியுண்டு. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறார்கள். தெருவிலேயே பதினெட்டைக் கடந்துவிட்டவனுக்கு இந்தக் கதவு திறப்பதில்லை. மூத்தவனுக்கு நேர்ந்திருப்பது அதுதான். இது பெரிய அநீதி என்றே கருதுகிறேன்.

அவனுக்கு உள்ளது மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகம். மாநகராட்சியின் 1913 என்ற உதவி எண்ணில் விசாரித்தால், ஆண்களுக்கான காப்பகம் அருகில் எங்கே இருக்கிறது என்று கேட்டறியலாம். தங்குவதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் சில நாள்களில் அவன் சந்தையில் இரவெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு விடியற்காலையில் வருபவனாக இருந்தால், அவனுக்குப் பகலில்தான் பாய் வேண்டும். காப்பகங்கள் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் கூறியிருப்பதால், பகலில் இடமில்லை என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. செருப்பும் கைப்பேசியும் களவு போகும் என்ற பயத்தில் பையைத் தலைக்கு வைத்துப் படுப்பவர்கள் இவர்கள். ஆகவே பொருள்களைப் பூட்டி வைக்க வசதி உண்டா என்பதையும் கேளுங்கள். ஆதார் இல்லையென்றால், அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றிதழைக் கொண்டு விண்ணப்பிக்கலாம். சேர்ந்த முதல் வாரத்திலேயே அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.