குமிழா, கலமா? – ஒரு வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணை,

நான் வத்தளையில இருந்து எழுதுறன். கம்பஸில கடைசி வருஷம். புரொஜெக்டுக்கு 5 லீட்டர் கண்ணாடி ஃபெர்மென்டர் (நொதித்தல் தாங்கி) ஒண்டில பாண் ஈஸ்ட் வளர்க்கிறன். மணித்தியாலத்துக்கு ஒருக்கா சாம்பிள் எடுத்து ஓ.டி. (கலங்கல் எவ்வளவு ஒளியை மறைக்குது எண்ட அளவு) பாக்கிறதுக்குப் பதிலா கண்டக்டிவிட்டி (மின் கடத்துதிறன்) புரோப் ஒண்டை உள்ள விட்டு வைச்சா, கலம் (செல்) கூடக் கூட வாசிப்பு குறையும், அதில இருந்து கலச் செறிவைக் கண்டுபிடிக்கலாம் எண்டு எங்கட சேர் சொன்னவர். முதல் நாள் நல்லாக் குறைஞ்சுது, சந்தோசப்பட்டன். பிறகு பாத்தா ஸ்டிரரை நிமிஷத்துக்கு 200 சுத்தில இருந்து 500 க்கு கூட்டின உடனேயும் குறையுது, நுரை கூடிப்போச்செண்டு அன்டிஃபோம் ரெண்டு துளி விட்டா ஒரு நிமிஷத்துக்குள்ள திரும்ப ஏறுது. ஓ.டி. அந்த நேரம் அசையவே இல்ல. கரண்ட் விட்டு கலத்தை அளக்கலாம் எண்டது சரிவராத கதையா அண்ணை? புரொஜெக்டை மாத்தவா?

– ஒரு வாசகர், வத்தளை

தம்பி,

மாத்த வேண்டாம். உங்கட புரோப் பிழையா ஒண்டும் சொல்லேல்ல. நீங்கள் கேட்டது கலத்தைப் பற்றி, அது சொன்னது கலமும் காத்தும் சேர்ந்த கணக்கை, அவ்வளவுதான். ஸ்டிரரைக் கூட்டினா குறையுது, அன்டிஃபோம் விட்டா ஏறுது, ஓ.டி. அசையாம நிக்குது எண்டு எழுதியிருக்கிறீங்கள், இந்த மூண்டையும் சேர்த்துப் பாத்தாலே குமிழ்தான் காரணம் எண்டு தெரியுது. இவ்வளவு கவனமா எழுதி வைச்சபடியாத்தான் எனக்கும் உடன விளங்கிச்சு.

வளர்ப்பூடகம் எண்டது ஒரு வகையில உப்புத் தண்ணி. பொட்டாசியம், அமோனியம், பொஸ்பேற்று எண்டு அதில கிடக்கிற அயன்கள்தான் கரண்டை கொண்டுபோகுது. அதுக்குள்ள ஒரு ஈஸ்ட் கலம் வந்து நிண்டா, அதின்ர மென்சவ்வு கொழுப்பால ஆனது, அயன் லேசில ஊடுருவாது, அப்ப கரண்ட் கலத்தைச் சுத்தித்தான் போகவேணும். காத்துக் குமிழ் வந்து நிண்டாலும் இதே கதைதான், காத்து கடத்தாது, சுத்தித்தான் போகவேணும். சாதாரண கண்டக்டிவிட்டி மீட்டர் பாவிக்கிற கிலோஹேட்ஸ் மீடிறனில (மீடிறன் எண்டது கரண்ட் செக்கனுக்கு எத்தனை தரம் திசை மாறி மாறி ஓடுது எண்டது) கலமும் கரண்ட் போகாத ஒரு ஓட்டை, குமிழும் அப்படி ஒரு ஓட்டை. எது எது எண்டு பிரிச்சுச் சொல்ல அதால ஏலாது.

எவ்வளவு குறையும் எண்டதுக்கு கணக்கு பழசு. கடத்தாத சின்னக் கோளங்கள் ஒரு திரவத்துக்குள்ள பரவிக் கிடந்தா கடத்துதிறன் எப்படி விழும் எண்டு மக்ஸ்வெல் 1873 ல வந்த தன்ர மின் காந்தப் புத்தகத்திலயே போட்டு வைச்சிட்டார். செறிவு கூடின கலவைக்கு 1935 ல புருக்மன் எண்டவர் தந்த சூத்திரம் இன்னும் வசதி: திரவத்தின்ர பங்கை எடுத்து ஒண்டரை அடுக்குக்கு உயர்த்தினாச் சரி. நூற்றுக்குப் பத்து குமிழ் எண்டா திரவம் 0.9, அதை 1.5 அடுக்குக்கு உயர்த்தினா 0.854. பத்து வீதக் காத்துக்கு வாசிப்பு கிட்டத்தட்ட 15 வீதம் விழுது. இப்ப கலத்தைப் பாருங்கோ, லீட்டருக்கு 30 கிராம் காய்ந்த எடை ஈஸ்ட் இருந்தா அதின்ர ஈரப் பருமனும் ரவுணா பத்தில ஒரு பங்குதான் வரும், அதுவும் அதே 15 வீதத்தை விழுத்தும். நீங்கள் கஷ்டப்பட்டு நாள் முழுக்க வளர்த்த ஈஸ்ட் செய்யிற வேலையை ஸ்டிரர் பட்டனில ஒரு திருகு திருகினா குமிழ் செய்து போடும்.

வீட்டில தோசைக்கு மா கரைச்சு வைச்சிருப்பினம்தானே. காலமை மூடியைத் திறந்து குனிஞ்சு பாருங்கோ, மேல மெல்லிசா ஒரு படை, அதில ஊசியால குத்தின மாதிரி ஓட்டைகள், சட்டியின்ர விளிம்பில ராத்திரி எவ்வளவுக்குப் பொங்கினது எண்டு காய்ஞ்ச கோடு ஒண்டு, அகப்பையை விட்டு ஒரு கிண்டு கிண்டினா சத்தமில்லாம இறங்கிப் போகும். கிண்ட முதல் 20 சென்ரிமீற்றர் உயரம், கிண்டின பிறகு 15 எண்டா, அந்தச் சட்டியில காலமை இருந்ததில நாலில ஒரு பங்கு வெறும் வாயு. ஃபெர்மென்டர்காரர் காஸ் ஹோல்ட்-அப் எண்டு சொல்லுறது இதைத்தான், வேற ஒண்டுமில்ல. ஸ்டிரரைக் கூட்டினா பெரிய குமிழ் உடைஞ்சு சின்னன் சின்னனா வரும், சின்னக் குமிழ் மெதுவாத்தான் மேல ஏறும், அப்ப எந்த நேரமும் உள்ள நிக்கிற காத்தின்ர அளவு கூடும். அன்டிஃபோம் விட்டா மறுவளம், குமிழ் ஒண்டோட ஒண்டு ஒட்டிப் பெரிசாகி படபடவெண்டு மேல போயிடும், ஹோல்ட்-அப் விழும், வாசிப்பு ஏறும். உங்கட ரெண்டு துளி செய்தது அதுதான்.

எனக்கும் ஒருக்கா இப்படி நடந்தது. கனகாலத்துக்கு முன்னம் ஒரு இடத்தில ராத்திரி வேலை, பெரிய தாங்கி, கண்டக்டிவிட்டி சார்ட் பேப்பரில கோடு விடிய விடிய இறங்கிக்கொண்டே வருது, எல்லாருக்கும் சந்தோசம், நல்லா வளருது எண்டு நானும் லொக் புத்தகத்தில எழுதிப்போட்டன். விடிய சாம்பிளை மைக்ரோஸ்கோப்பில பாத்தா கலம் முதல் நாள் பின்னேரம் இருந்த அளவுதான். ராத்திரி யாரோ காத்து வால்வைக் கூடத் திறந்துவிட்டிருக்கினம். கலம் வளருது எண்ட நம்பிக்கையில அந்த ராத்திரி முழுக்க சீனிப்பாகு கூட்டிக் கூட்டி விட்டதால அந்த பட்ச் முழுக்க வீணாப் போச்சு. அதுக்குப் பிறகு நான் ஒரு வாசிப்பை மட்டும் வைச்சு கலம் எண்டு எழுதினதே இல்ல.

இனி பிரிக்கிற வழிக்கு வருவம், எனக்கு இதில ஆகப் பிடிச்ச பகுதி இது. கலத்துக்கும் குமிழுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, கலத்துக்கு மென்சவ்வு இருக்கு, உள்ளயும் உப்புத் தண்ணி இருக்கு. குமிழுக்கு ரெண்டும் இல்ல. கரண்ட் ஒரு பக்கம் தள்ளேக்க கலத்துக்கு உள்ள இருக்கிற அயனும் வெளிய இருக்கிற அயனும் மென்சவ்வில வந்து ரெண்டு பக்கமும் குவியும், அதாவது ஒவ்வொரு கலமும் ஒரு குட்டிக் கொள்ளளவி (கப்பாசிட்டர்). மென்சவ்வு அவ்வளவு மெல்லிசு எண்டபடியா அதின்ர கொள்ளளவம் சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு மைக்ரோஃபரட் அளவுக்கு வரும், அது சின்ன விஷயமில்ல. 1925 ல ஃபிரிக் எண்டவர் செங்குருதிக் கலத்தில இதை அளந்து 0.81 மைக்ரோஃபரட் எண்டு எடுத்து, அதில இருந்து மென்சவ்வின்ர தடிப்பு 3.3 நனோமீற்றர் எண்டு கணக்குப் போட்டார். மென்சவ்வை இலத்திரன் நுணுக்குக்காட்டியில ஆக்கள் பாக்க முதல், கரண்டை மட்டும் வைச்சு அதின்ர தடிப்பைச் சொன்னவர். எனக்கு இப்ப நினைச்சாலும் மெய்சிலிர்க்கும்.

மீடிறனைக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஒரு மெகாஹேட்ஸ் பக்கம் வர, அயன் மென்சவ்வில குவிஞ்சு முடிய முதல் திசை மாறிடுது, இன்னும் மேல பத்து இருபது மெகாஹேட்ஸ் போனா மென்சவ்வு இல்லாத மாதிரித்தான், கரண்ட் கலத்துக்கு உள்ளாலயே போகும். ஆனா குமிழ் எந்த மீடிறனிலயும் ஓட்டைதான், அதுக்கு உள்ள போறதுக்கு ஒண்டும் இல்ல. அப்ப குறைஞ்ச மீடிறனில அளந்தா கலமும் குமிழும் சேர்ந்து வரும், கூடின மீடிறனில அளந்தா பெரும்பாலும் குமிழ் மட்டும் வரும், ரெண்டு சமன்பாடு, தெரியாதது ரெண்டு. கலத்துக்கு உள்ள இருக்கிற கடத்துதிறன் வெளிய இருக்கிறதோட சரியா ஒத்துப்போறதில்ல, அதால கலத்தின்ர மிச்சம் கொஞ்சம் அதிலயும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், அதுக்குத் திருத்தம் போடவேணும். மற்றது, கொள்ளளவத்தையே நேர அளக்கலாம், ஒரு மெகாஹேட்ஸ் பக்கம் ஒருக்கா, பத்து மெகாஹேட்ஸுக்கு மேல ஒருக்கா, வித்தியாசம்தான் கலம். வேல்ஸில அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில டக்ளஸ் கெல்லும் அவரோட இருந்தவையும் 1987 ல இந்த வழியை நொதித்தல் தாங்கிக்குள்ள வைச்சே அளக்கலாம் எண்டு காட்டிச்சினம், இப்ப பியர் காய்ச்சிற இடங்களில எவ்வளவு ஈஸ்ட் விடுறது எண்டு பாக்க இதைத்தான் பாவிக்கினம்.

இதில இன்னொரு நன்மை, செத்த கலத்தின்ர மென்சவ்வு கிழிஞ்சு போயிருக்கும், அது கொள்ளளவியா நிக்காது, அப்ப இந்த அளவில உயிரோட இருக்கிற கலம் மட்டும்தான் வரும். உங்கட ஓ.டி. செத்ததையும் எண்ணும், சாம்பிளில வாயு நிண்டா அதையும் எண்ணும். கூல்டர் கவுண்டர் எண்டு 1953 ல பேட்டன்ட் எடுத்த மெஷின் ஒண்டு இருக்குத்தானே, சின்னத் துளையால கலத்தை ஒவ்வொண்டா விட்டு தடை கூடுறதை எண்ணுறது, அருமையான யோசனை, ஆனா அதிலயும் ஒரு நுண்குமிழ் துளையால போனா கலம் எண்டு எண்ணிப்போடும்.

மெகாஹேட்ஸ் புரோப் விலையைக் கேட்டா கம்பஸ் காசில நடக்காது எண்டு எனக்குத் தெரியும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில ஏறி இறங்கி சிப் ஒண்டு வாங்கி நீங்களே செய்யலாம் எண்டு யாரும் சொல்லுவினம், ஏடி5933 எண்ட இம்பீடன்ஸ் (மின் தடங்கல்) அளக்கிற சிப்பை எல்லாரும் காட்டுவினம், ஆனா அது 100 கிலோஹேட்ஸ் வரைக்கும்தான், உங்கட உப்புக்கூடின ஊடகத்தில ஈஸ்டின்ர மாற்றம் நடக்கிறது அதுக்கு மேல. காசை வீணாக்க வேண்டாம்.

இப்ப இருக்கிற மீட்டரோடயே செய்யலாம், இப்படி. ரன் ஓடிக்கொண்டிருக்கேக்க வாசிப்பை எழுதுங்கோ. பிறகு காத்தையும் ஸ்டிரரையும் முப்பது செக்கன் நிப்பாட்டுங்கோ, குமிழ் மேல போய் முடிய, கலம் அடியில படிய முதல், திரும்ப வாசியுங்கோ, உடன ரெண்டையும் திரும்பப் போடுங்கோ. கனநேரம் நிப்பாட்டி வைக்க வேண்டாம், ஒட்சிசன் முடிஞ்சா ஈஸ்ட் அல்ககோல் பக்கம் திரும்பிடும், அது உங்கட புரொஜெக்டைக் கெடுக்கும். அந்த நேரமே ஒரு குழாயில சாம்பிள் எடுத்து சென்ரிஃபியூஜ் பண்ணி (வேகமாச் சுத்தி கலத்தை அடியில படிய வைச்சு) மேல நிக்கிற தெளிஞ்ச தண்ணியின்ர கடத்துதிறனையும் எடுங்கோ. ஓடேக்க 8.2 மில்லிசீமன், நிப்பாட்டினா 9.6, தெளிஞ்ச தண்ணி 10.4 எண்டு வைப்பம். 8.2 ஐ 9.6 ஆல பிரிச்சா 0.854, அதை மூண்டில ரெண்டு அடுக்குக்கு (முதல் சொன்ன ஒண்டரை அடுக்கின்ர மறுவளம்) உயர்த்தினா 0.9, அப்ப குமிழ் பத்து வீதம். 9.6 ஐ 10.4 ஆல பிரிச்சா 0.923, அதையும் அப்படிச் செய்தா 0.948, அப்ப கலம் அஞ்சு வீதம் சொச்சம், காய்ந்த எடையில லீட்டருக்கு 15 கிராம் பக்கம் வரும். ஓ.டி.யோட ஒத்துப் பாருங்கோ.

தெளிஞ்ச தண்ணி ஏன் வேணும் எண்டா, ஈஸ்ட் அமோனியத்தைச் சாப்பிடச் சாப்பிட ஊடகத்தின்ர கடத்துதிறன் தானா விழும், நீங்கள் பீஎச் பிடிக்க காரம் விட விட திரும்ப ஏறும். அதைத் தெரியாம விட்டா அந்த மாற்றமும் கலத்தின்ர கணக்கில வந்து விழும். வெப்பநிலையும் அப்படித்தான், ஒரு பாகை கூடினா கடத்துதிறன் ரெண்டு வீதம் பக்கம் கூடும், அதால சென்ரிஃபியூஜால எடுத்த குழாயை தாங்கியின்ர சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அளவுங்கோ, ஏசி ரூமில குளிர்ந்த குழாயை அப்படியே அளந்தா முழுக்கணக்கும் பிழைக்கும்.

புரோப்பை ஸ்பார்ஜருக்கு (அடியில காத்து விடுற குழாய்க்கு) நேர மேல வைச்சிருக்கிறீங்களோ எண்டும் பாருங்கோ. அப்படி இருந்தா தள்ளி வையுங்கோ. சோடாக் கிளாசுக்குள்ள முந்திரிகை வத்தல் போட்டா அதைச் சுத்தி குமிழ் ஒட்டிக்கொண்டு நிக்குமே, அதே மாதிரி எலக்ட்ரோட்டில ஒட்டும், ஒட்டினா தாங்கிக்குள்ள எவ்வளவு காத்து எண்டு இல்லாம அந்த உலோகத்தில எவ்வளவு காத்து எண்டு அளக்கிறீங்கள். கண்ணாடிக்கு டோர்ச் அடிச்சுப் பாத்தா தெரியும். பற்றரியை நேர ரெண்டு கம்பியில குடுத்து டீசீயால அளக்கிற யோசனை யாரும் சொன்னா கேக்க வேண்டாம், மின்பகுப்பு நடந்து கம்பியிலயே ஐதரசன் குமிழ் வரும். நாலு எலக்ட்ரோட் புரோப் ஒண்டு லாபில சும்மா கிடந்தா அதைக் கேட்டு வாங்குங்கோ, ரெண்டு கரண்டை விடும், மற்ற ரெண்டும் வோல்ட்டேஜை மட்டும் பாக்கும், உலோக மேற்பரப்பில வாற குழப்பம் கனக்கக் குறையும்.

சேருக்கு இதைச் சொல்லுங்கோ, அவர் சொன்னது பிழையில்ல, முழுசாச் சொல்லேல்ல அவ்வளவுதான். புரொஜெக்டின்ர தலைப்பில குமிழையும் சேர்த்துப் போடலாம் எண்டு கேட்டுப் பாருங்கோ, ஒரே தாங்கியில காத்தும் கலமும் ரெண்டையும் அளந்தது எண்டா இப்ப இருக்கிறதை விடப் பெறுமதியான வேலை. அடுத்த ரன் போட்டா அந்த மூண்டு எண்ணையும், பக்கத்தில வெப்பநிலையையும் ஸ்டிரர் வேகத்தையும் எழுதி அனுப்புங்கோ, நானும் இருந்து கணக்குப் போட்டுப் பாக்கிறன்.