கடல் தொழிலும் லித்தியம் மாத்திரையும்: மனநலம், வாசகர் கேள்வி பதில்

என் கணவருக்கு 34 வயது. விசைப்படகில் கூலிக்குப் போகிறார். பைபோலார் (மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் கடும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய்) என்று சொல்லி லித்தியம் கொடுத்தார்கள். இரண்டு வருடம் நன்றாக இருந்தார். போன பங்குனியில் உடம்பு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனவர், வாந்தியும் கைநடுக்கமும் நாக்குழறலுமாகக் கரைக்கு வந்தார். குடித்திருக்கிறார் என்றே நினைத்தோம். ஆஸ்பத்திரியில்தான் லித்தியம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து "அது விஷம்" என்று மாத்திரையைத் தொடுவதில்லை. இந்த மருந்தும் கடல் தொழிலும் சேராதா?
(வாசகி, தங்கச்சிமடம்)

சேரும் அம்மா. ஆனால் முதலில், இந்த வாரமே அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் அடுத்த சில மாதங்களில் நோய் மறுபடி கிளம்பும் வாய்ப்பு மிக அதிகம். மீதி இருக்கும் பழைய மாத்திரையை நீங்களாகத் தொடங்கிவிடாதீர்கள். சிறுநீரகப் பரிசோதனை செய்துதான் மறுபடி கொடுப்பார்கள், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார்கள்.

லித்தியம் ஓர் உப்பு. சிறுநீரகம் அதைச் சமையல் உப்பின் சோடியத்தைப் போலவே கையாளுகிறது. வெயிலில் வலை இழுத்து வியர்வை கொட்டும்போது உடம்பில் நீரும் சோடியமும் குறைகின்றன. உடனே சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. அதோடு லித்தியமும் தங்கிவிடுகிறது. டைக்ளோபினாக், ஐபுப்ரூபன் போன்ற வலி மாத்திரைகளும் லித்தியம் வெளியேறுவதைக் குறைக்கும். உங்கள் கணவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்கின்றன. ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. இடைவெளி அவ்வளவு குறுகியது. மருந்து விஷமானது இப்படித்தான்.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். கடையில் போடும் "உடம்பு வலி ஊசி" பெரும்பாலும் டைக்ளோபினாக்தான், அதுவும் வேண்டாம். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றும் என்பதால், எந்த மருத்துவரைப் பார்த்தாலும் லித்தியம் சாப்பிடுவதை முதலில் சொல்லச் சொல்லுங்கள். படகில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீரோ உப்புப் போட்ட நீராகாரமோ அவ்வப்போது குடிக்கட்டும். சாப்பாட்டில் உப்பு தினமும் ஒரே அளவாக இருக்கட்டும். ஒரு வாரம் கருவாடாகச் சாப்பிட்டால் லித்தியம் குறையலாம். திடீரென உப்பைக் குறைத்தால் ஏறும்.

வாந்தியோ பேதியோ வந்தால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவைத்து, அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். நடை தள்ளாட்டம், நாக்குழறல், பெரிதாகக் கை உதறல், குழப்பம் தெரிந்தால் நேரே ஆஸ்பத்திரி. சக கடலோடிகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். குடிபோதை என்று படுக்கவைத்துவிட்டால் நேரம் போய்விடும்.

ரத்தம் எடுப்பதிலும் கவனம் தேவை. கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு ரத்தம், அதன்பிறகே காலை மாத்திரை. படகில் அதிகாலை 4 மணிக்கு விழுங்கிவிட்டு 8 மணிக்கு ரத்தம் கொடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். மாத்திரையின் அளவை மாற்றிய ஒரு வாரத்தில் ஒரு முறை, பிறகு முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது வழக்கம். தைராய்டும், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினினும் 6 மாதத்துக்கு ஒரு முறை.

உப்புக்குச் சமமாக நாங்கள் கவலைப்படுவது உறக்கம். கடலில் கண்விழிக்கும் இரவுகளே மேனியாவை, அதாவது அந்த அளவுமீறிய உற்சாக நிலையை, கிளப்பிவிடலாம். நோய் தணிந்த முதல் சில மாதங்களுக்கு வலை பின்னுவது, ஏலம், ஐஸ் போன்ற கரை வேலை கிடைக்குமா என்று சம்மாட்டியிடம் (படகு முதலாளியிடம்) கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்திலும் எழும் நேரம் மாறக் கூடாது.

என் அண்ணன் பத்து நாள் தூங்காமல் ஓடியாடி, வட்டிக்கு வாங்கி இரண்டு என்ஜின் எடுத்தார். இப்போது மூலையில் முடங்கிக் கிடக்கிறார். ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்கிறார்கள் உறவினர்கள்.
(வாசகர், தொண்டி)

தர்காவுக்குப் போவது உங்கள் நம்பிக்கை, போய் வாருங்கள். "விட்டுவிடுவது" வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத் தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது.

மருத்துவரிடம் இப்போதைய சோர்வை மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பத்து நாளையும் என்ஜின் கடனையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெறும் மனச்சோர்வு என்று அதற்கான மாத்திரை மட்டும் தரப்படலாம். பைபோலார் உள்ளவருக்கு அது தனியாகப் போனால் மேனியாவைக் கிளப்பிவிடக்கூடும். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம்.

தேறியபின் அவர் சம்மதத்தோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தொடர்ந்து இரண்டு இரவு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லை என்றால் ஏடிஎம் கார்டு அண்ணியிடம், மறுநாள் மருத்துவரிடம். எந்த அடையாளம், யாரிடம் என்ன என்பதை அவரே தன் கையால் எழுதட்டும். மேனியாவில் இருக்கும்போது கேட்டால் "எனக்கென்ன குறை" என்பார்.

லித்தியம் சாப்பிடும் நான் ரமலான் நோன்பு வைக்கலாமா?
(வாசகி, கீழக்கரை)

நோய் கட்டுக்குள் இருந்து, சிறுநீரகமும் நன்றாக இருந்தால் பலரால் முடிகிறது. நோன்புக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை இரவில் ஒரே வேளையாக மாற்றலாமா என்று அவர் முடிவுசெய்வார். நோன்பு திறந்ததிலிருந்து சஹர் (விடியலுக்கு முந்தைய உணவு) வரை இடைவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். தராவீஹ் இரவுத் தொழுகையும் சஹரும் உறக்கத்தைத் துண்டாக்கும் என்பதால் பகலில் இரண்டு மணி நேரமாவது படுங்கள். முதல் வாரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும். வாந்தி, பேதி, நடுக்கம் வந்தால் நோன்பை விட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு, விட்ட நோன்பைப் பிறகு நோற்றுக் களா செய்துகொள்ளலாம்.