இரண்டு வாரத்துக்கு அனாதை இல்லம் வேண்டாம்

கம்போடியா போகும்போது சியம் ரீப்பில் ஒரு அனாதை இல்லத்தில் இரண்டு வாரம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாமா, அதற்கு அவர்கள் பணம் கேட்பது சரிதானா என்று கேட்டிருந்தீர்கள். நேராகவே சொல்கிறேன், அந்த இடம் வேண்டாம்.

உங்கள் மனசு நல்லதுதான், சிக்கல் வேறு இடத்தில். கம்போடிய இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்பது யுனிசெஃப் கணக்கு. வெளிநாட்டவர் பணத்தோடு வருகிறார்கள் என்பதாலேயே, படிப்பு கிடைக்கும் என்று ஆசை காட்டி ஏழை வீடுகளிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து நடத்தும் இல்லங்களும் உண்டு. இதை நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாக ஆஸ்திரேலியா 2018லேயே ஏற்றுக்கொண்டது. அப்புறம் இன்னொன்று, இரண்டு வாரம் மடியில் உட்கார்ந்து பழகிய குழந்தைக்கு நீங்கள் கிளம்பும் நாள் என்னவாக இருக்கும், அடுத்த வாரம் வேறொருவர் வந்து அதே பாட்டைச் சொல்லிக்கொடுப்பார்!

உங்கள் பின்னணியைச் சரிபார்க்காமல், போலீஸ் சான்றிதழ்கூடக் கேட்காமல் உள்ளே விடுகிற இடம் என்றால் வேறு யாரையும் அப்படித்தான் விடும்.

விசாவையும் பாருங்கள், சம்பளம் இல்லாத வேலைக்கும் பல நாடுகளில் தனி அனுமதி வேண்டும்.

உதவியே ஆகவேண்டும் என்றால், குழந்தைகளைக் குடும்பத்தோடு வைத்துப் படிக்கவைக்கும் உள்ளூர் அமைப்புக்கு அந்தக் கட்டணத்தைக் கொடுங்கள். ஆசிரியப் பயிற்சி உங்களுக்கு இருந்தால் அங்குள்ள ஆசிரியர்களோடு உட்காருங்கள், பிள்ளைகளோடு அல்ல.