அந்தப் பையனை நினைத்து வேலையை விடத் தயங்கும் சகோதரிக்கு

ஆறு வருடமாகச் சிறப்புப் பள்ளியில் வேலை, ஒரே வகுப்பில் 14 பிள்ளைகள், உதவிக்கு ஆயாகூட இல்லை, ராத்திரி தூக்கம் வருவதில்லை, ஆனால் நான் போய்விட்டால் அந்த ஆட்டிசம் பையன் என்ன ஆவான் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் என் பழைய வகுப்பறைதான் கண்முன் வந்தது.

உங்களைக் களைக்க வைப்பது பிள்ளைகளா, அந்த இடமா? எனக்கு இடம்தான் என்று படுகிறது. பொதுப் பள்ளிகளிலேயே தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று மத்திய அரசு 2022-இல் அறிவித்திருக்கிறது. 14 பேரைத் தனியாகச் சமாளிக்க முடியாதது உங்கள் குறை இல்லை.

ஆயா வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஒரு மாதம் பாருங்கள். ஒன்றும் நகரவில்லை என்றால் கிளம்பலாம். தூக்கம் வராததற்கு மட்டும் அந்த ஒரு மாதம் காத்திருக்காமல் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

நானும் ஒரு பள்ளியை விட்டு வந்தவள். என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டால்தான் ஒரு பெண் சாப்பிடுவாள். கிளம்புவதற்கு ஒன்றரை மாதம் முன்பே புது ஆசிரியையை எங்கள் பக்கத்தில் உட்கார வைத்தேன். அன்றைய வேலைகளைப் படங்களால் வரிசையாகக் காட்டும் தினசரிப் படஅட்டவணையில் என் போட்டோவுக்குக் கீழே அவர் போட்டோவையும் ஒட்டினேன். எந்தச் சத்தம் அவளைக் கலங்கடிக்கும், எது அமைதிப்படுத்தும் என்று ஒரு நோட்டில் எழுதி அவள் அம்மாவிடமும் கொடுத்தேன். அந்தத் துப்பட்டாவை அங்கேயே விட்டுவிட்டேன். நாலாம் நாள் சாப்பிட்டாளாம்.

அப்புறம், சிறப்பாசிரியர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் உங்கள் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள். அடுத்த இடத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.